கதிரைக்கு வந்த வழி

றம்லா டீச்சர் கதிரையில் உட்கார்ந்து பாடம் நடத்தியதை யாரும் கண்டதில்லை. கணக்குப் பாடம். கரும்பலகையில் ஒரு வரி எழுதுவார், மாணவிகளின் கடைசி வாங்கு வரைக்கும் நடப்பார், திரும்பி வந்து அடுத்த வரியை எழுதுவார். வீட்டிலும் அப்படித்தான். தேநீரைக் கூட அடுப்படிக்கும் முன் வாசலுக்கும் இடையில் நடந்தபடியேதான் குடித்து முடிப்பார்.

கல்முனையில் கடற்கரைப் பக்கமாக இருந்த ஒரு மகளிர் பாடசாலையில் அவர் நெடுங்காலம் படிப்பித்தார். பிறகு உப அதிபரானார். பழைய அதிபர் ஓய்வு பெற்றுப் போனபோது பதில் அதிபராகப் பொறுப்பெடுத்தார். தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. இன்றைக்குக் கடையடைப்பு, நாளைக்குச் சுற்றிவளைப்பு என்று காலம் போய்க்கொண்டிருந்தது. அந்தக் குழப்பத்திலும் பாடசாலை பூட்டிக் கிடக்காதபடி பார்த்துக்கொண்டார். ஆசிரியைகள் வர முடியாத நாட்களில் இரண்டு வகுப்புகளை ஒன்றாக இருத்தித் தானே படிப்பித்தார்.

அதிபர் பதவிக்கு நேர்முகப் பரீட்சை என்று கடிதம் வந்ததும் அம்பாறைக்குப் போனார். வேறு இருவரும் வந்திருந்தார்கள். மூவரையும் ஒரு விறாந்தையில் காத்திருக்க வைத்தார்கள். மற்ற இருவரும் வாங்கில் இருக்க, றம்லா விறாந்தையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடந்துகொண்டிருந்தார். பகல் சாப்பாட்டு நேரமும் கழிந்த பிறகு ஒரு பியோன் வந்தான். இன்றைக்கு நேர்முகம் இல்லை, பிறகு அறிவிப்பார்கள் என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினான்.

பிறகு எந்த அறிவிப்பும் வரவில்லை. அதிபர்தான் வந்தார்.

ஒரு திங்கட்கிழமை, காலைக் கூட்டம் கலையும் நேரத்தில் ஒரு ஜீப் பாடசாலை வளவுக்குள் நுழைந்தது. முன் கதவைத் திறந்துகொண்டு காலிதீன் இறங்கினார். அமைச்சர் ஒருவரின் இணைப்பாளர் அவர். ஊரில் அமைச்சரைக் காண்பது அபூர்வம். காலிதீனைக் காணாமலிருப்பது அதைவிட அபூர்வம். அவருக்குப் பின்னால், கழுத்தில் மாலையோடும் முகத்தில் வியர்வையோடும் இறங்கியவர் மீராமுகைதீன்.

மீராமுகைதீன் வேற்று ஆள் அல்ல. றம்லாவின் கணவர் சரீபுக்கு மாமி மகன். வேறொரு பாடசாலையில் வரலாறு படிப்பிக்கிறவர், சேவையில் றம்லாவைவிட மிகவும் இளையவர். அம்பாறை விறாந்தையில் காத்திருந்த மூவரில் அவர் இல்லவே இல்லை.

"டீச்சர், புது அதிபர் வந்திரிக்காரு. நியமனக் கடிதம் கையில இரிக்கி. சாவியக் குடுத்திட்டாச் சரி" என்றார் காலிதீன்.

"நேர்முகம் எப்ப நடந்த?"

"அதெல்லாம் மேலிடத்து வேல. ஒங்களுக்கென்ன டீச்சர், உப அதிபர் பதவி அப்பிடியே இரிக்கிதானே."

பிள்ளைகள் வரிசை கலையாமல் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் முன்னால் சத்தம் போட றம்லாவுக்கு மனமில்லை. சாவிக் கொத்தை மேசையில் வைத்துவிட்டுத் தன் வகுப்புக்குப் போனார். அன்று அவர் கரும்பலகையில் எழுதிய கணக்கில் பிழை இருந்தது. எட்டாம் வகுப்புப் பிள்ளையொன்று எழுந்து அதைச் சொன்னது.

பின்னேரம் மீராமுகைதீன் வீட்டுக்கு வந்தார். சரீப் மச்சானை வரவேற்று உட்கார வைத்தார். றம்லா நின்றார்.

"தாத்தா, நான் கேட்டு வாங்கல்ல" என்றார் மீராமுகைதீன். அக்காவைத் தாத்தா என்பதும் அண்ணனைக் காக்கா என்பதும் ஊர் வழக்கம். "காலிதீன் காக்கா ஊட்ட வந்து, கடிதம் எல்லாம் சரி, பாரமெடு எண்டாரு. மாட்டன் எண்டு செல்ல எனக்கு வாய் வரல்ல."

"இப்ப செல்லேலாதா தம்பி?"

அவர் தேநீர்க் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஸலாம் சொல்லி எழுந்து போய்விட்டார்.

சரீப் கல்முனைச் சந்தையில் சிறிய துணிக்கடை வைத்திருந்தவர். யாரோடும் பகைத்துக்கொள்ளாத மனுஷன். "நம்மட சொந்தத்துக்க இத இழுக்கப்படா றம்லா" என்றார். "கேஸ் கீஸ் எண்டு போனா மாமிட வாசல்ல நான் எப்பிடி மிதிக்கிற?"

"ஒங்கட மாமி மேல நான் கேஸ் போடல்ல. நடக்காத நேர்முகத்துக்குத்தான் போடப் போறன்."

சொன்ன பிறகுதான், அந்த முடிவைத் தான் எப்போதோ எடுத்துவிட்டது அவருக்கே தெரிந்தது.

நேசரட்ணம் கல்முனையில் பெயர் சொன்னால் தெரிகிற சட்டத்தரணி. மெதடிஸ்த சபையைச் சேர்ந்த தமிழர். அவருடைய அலுவலகத்தில் வந்தவர்கள் இருக்க இரண்டு கதிரைகள் இருந்தன. சரீப் ஒன்றில் இருந்தார். றம்லா மற்றக் கதிரையின் முதுகைப் பிடித்தபடி நின்று நடந்ததையெல்லாம் சொன்னார்.

"இதுக்கு இஞ்ச உள்ள கோட்டுகள் சரிவராது டீச்சர்" என்றார் நேசரட்ணம். "எல்லாரையும் சமமா நடத்தல்ல எண்டால் அது அடிப்படை உரிமை மீறல். நேரா கொழும்பு உயர் நீதிமன்றத்துக்குத்தான் மனுப் போட வேணும். அதுவும் ஒரு மாசத்துக்குள்ள. பிந்தினா, எவ்வளவு நியாயமிருந்தாலும் கதவு திறக்காது."

"அந்தக் கோட்டில நீதவான்மார் எத்தின பேர் சேர்?"

"பிரதம நீதியரசர் ஒராள். அவரோட ஆறு பேருக்குக் குறையாம, பத்துப் பேருக்குக் கூடாம மற்ற நீதியரசர்மார். எல்லாரும் ஒண்டா இருந்து கேக்கிறல்ல. உங்கட மாதிரி வழக்கெண்டா மூண்டு பேர் இருந்து கேப்பாங்க. நாடு முழுக்கப் பாதிக்கிற கேள்வி வந்தா அஞ்சு பேரையோ அதுக்கும் கூடவோ இருத்துறதும் உண்டு. ஆர் ஆர் எந்த வழக்குக்கு எண்டுறத பிரதம நீதியரசர் ஒழுங்கு பண்ணுவார். அவங்க சொல்லிட்டா முடிஞ்சிது. அதுக்கு மேல போக இடமில்ல."

"அப்பிடிப்பட்டவங்கள ஆரு தெரிவு செய்யிற?"

"ஜனாதிபதி."

"விண்ணப்பம் போடுவாங்களா?"

"விண்ணப்பமில்ல."

"நேர்முகம்?"

"அதுவுமில்ல டீச்சர். கீழ்க் கோட்டுகள்ல இருந்து படிப்படியா ஏறி வந்தவங்க இருப்பாங்க. சட்டமா அதிபர் திணைக்களத்தில அரசாங்கத்துக்காக வாதாடினவங்க இருப்பாங்க. வெளியில வழக்குப் பேசினவங்களும் இருப்பாங்க. ஒரு இடம் காலியானா அவங்கள்ல ஒராள ஜனாதிபதி நியமிப்பார். பிரதம நீதியரசரிட்ட ஒரு வார்த்த கேக்கிற வழக்கம் எண்டு சொல்லுவாங்க. கேக்கத்தான் வேணும் எண்டு சட்டத்தில எழுதல்ல."

றம்லா கதிரையை விட்டு ஜன்னலுக்குப் போனார். அங்கிருந்து கதவுக்கு வந்தார்.

"அப்ப நேர்முகம் இல்லாம ஆளப் போட்டது பிழ எண்டு, நேர்முகம் இல்லாமப் போட்ட ஆக்கள்ட்டயா நான் போய் முறையிடப் போறன்?"

நேசரட்ணம் சிரித்தார். சிரிப்பு அடங்கியதும் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"முப்பது வருசமா இந்தத் தொழில் செய்யிறன். ஒருத்தரும் என்னிட்ட இப்பிடிக் கேட்டதில்ல. ஆனா ஒரு வித்தியாசம் இருக்கு டீச்சர். அந்தக் கதிரையில இருத்தினவரத் திரும்ப எழுப்பேலாது. அறுபத்தஞ்சு வயசு மட்டும் அவங்கட இடம் அவங்களுக்குத்தான். எழுப்பிறதெண்டா நாடாளுமன்றத்தில குற்றத்தக் காட்டி, பெரும்பான்மையோட தீர்மானம் எடுக்க வேணும். சம்பளத்தையும் குறைக்கேலாது. வந்த வழி எப்பிடியிருந்தாலும், வந்த பிறகு ஆருக்கும் பயப்படத் தேவயில்ல எண்டுதான் அப்பிடி ஆக்கி வெச்சிருக்கு."

"பயப்படத் தேவயில்ல எண்டா, பயப்பட மாட்டாங்களா?"

"அது ஆளப் பொறுத்தது" என்றார் நேசரட்ணம்.

அந்தப் பதில் றம்லாவை நெடுநாள் உறங்க விடவில்லை. ஆனாலும் மனு குறித்த தவணைக்குள் கொழும்புக்குப் போனது. நேசரட்ணத்தின் நண்பரான அழகரெத்தினம் என்ற சட்டத்தரணி அங்கே வழக்கைப் பொறுப்பெடுத்தார். மனுவில் விசாரிக்க விஷயமிருக்கிறது என்று நீதிமன்றம் அனுமதியும் கொடுத்தது. ஊரில் கதை பரவியது. மாமி, சரீபோடு கதைப்பதை நிறுத்தினார். அமைச்சரின் ஆட்களுக்கு அஞ்சிச் சிலர் சரீபின் கடைக்கு வருவதைக் குறைத்துக்கொண்டார்கள். சரீப் அதைப் பற்றி றம்லாவிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசாததுதான் றம்லாவை அதிகம் அரித்தது.

வழக்கு விசாரணைக்கு வந்தபோது இருவரும் பஸ் ஏறினார்கள். வழி நெடுகச் சோதனைச் சாவடிகள். ஒவ்வொரு இடத்திலும் இறங்கி, பையைத் திறந்து காட்டி, அடையாள அட்டையை நீட்டி, நடந்து போய் மறுபக்கத்தில் ஏற வேண்டும். மற்றவர்கள் சலித்துக்கொண்டார்கள். றம்லாவுக்கு அந்த நடை ஆறுதலாக இருந்தது. பஸ்ஸுக்குள் இருப்பதுதான் பாடு.

மூன்றாவது சாவடியைத் தாண்டியதும் சரீப் வாயைத் திறந்தார். "கடையில யாவாரம் கொறஞ்சிரிக்கி எண்டு நீ யோசிக்காத. அதுக்காக நான் ஒன்னோட வரமாட்டன் எண்டு செல்லல்லதானே. நேர்முகத்துக்கு எண்டு ஒன்னக் கூப்பிட்டு விறாந்தையில விட்டாங்களே, அத நெனச்சா எனக்கும் மனசு எரியிதுதான்."

றம்லா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

புதுக்கடையில் இருந்த நீதிமன்றக் கட்டடம் அவர் நினைத்ததைவிடப் பெரியது. உள்ளே எல்லாரும் எழுந்து நிற்க, மூன்று நீதியரசர்கள் வந்து உயரத்தில் அமர்ந்தார்கள். இங்கே நடக்க முடியாது. றம்லா வாங்கில் இருந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தார். சரீப் குனிந்து, "வாங்கு குலுங்குது" என்று காதில் சொன்னார்.

வாதம் ஆங்கிலத்தில் போனது. கூர்ந்து கேட்டால் றம்லாவுக்குப் பெரும்பகுதி விளங்கியது. நடுவில் இருந்தவர் வெள்ளை முடிக்காரர். அரச தரப்புச் சட்டத்தரணி பேசும்போது இரண்டு தடவை இடைமறித்தார். மூன்று பேரை நேர்முகத்துக்கு அழைத்துவிட்டு நான்காவது ஆளை நியமித்தது எப்படி என்று கேட்டார். கேட்ட தோரணையில் றம்லாவுக்கு மனம் குளிர்ந்தது. தீர்ப்பு பிறகு தரப்படும் என்று சொல்லி நீதியரசர்கள் எழுந்து போனார்கள்.

"நடுவில இருந்தவர் நம்மட பக்கம்" என்றார் றம்லா வெளியே வந்து.

அழகரெத்தினம் ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. "கேள்வி கேக்கிறவர் எல்லாம் நம்மட பக்கமில்ல, கேக்காதவர் எல்லாம் எதிர்ப் பக்கமுமில்ல" என்றார்.

காத்திருப்பு தொடங்கியது. பாடசாலையில் மீராமுகைதீன் அதிபர், றம்லா உப அதிபர். ஒருவருக்கொருவர் தேவைக்கு மட்டும் கதைத்தார்கள். அவர் மோசமான அதிபர் இல்லை என்பது றம்லாவுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிந்தது; தெரிந்தபோது எரிச்சலாகவும் இருந்தது. காலையில் முதல் ஆளாக வந்தார். வகுப்புகளுக்குப் பாட நேரசூசி போடத் தெரியாதபோது கூச்சமில்லாமல் றம்லாவிடம் வந்து கேட்டார். அவர் சோம்பேறியாகவோ திமிர் பிடித்தவராகவோ இருந்திருந்தால் வழக்குப் போட்டவருக்கு மனம் இலேசாக இருந்திருக்கும்.

அந்த வருடக் கடைசியில் அமைச்சருக்குப் பாராட்டு விழா எடுக்க காலிதீன் ஏற்பாடு செய்தார். பாடசாலை மண்டபம் வேண்டும், பிள்ளைகள் கொடி பிடித்து வீதியோரம் நிற்க வேண்டும் என்றார். பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்குப் பரீட்சை நடக்கிற கிழமை அது.

"ஏலாது காக்கா" என்றார் மீராமுகைதீன். "புள்ளையள் பரீட்ச எழுதிற மண்டபம். வெயில்ல அவங்கள நிப்பாட்டவும் மாட்டன்."

பக்கத்து அறையில் நின்ற றம்லா அதைக் கேட்டார்.

"ஒன்ன இந்தக் கதிரையில வெச்சது ஆரெண்டு மறந்திட்டியா?" காலிதீன் சத்தம் போடவில்லை. மெதுவாகத்தான் கேட்டார்.

"மறக்கல்ல. மறக்கேலாம இரிக்கிறதுதான் என்ட கஷ்டம்."

விழா வேறொரு மண்டபத்தில் நடந்தது. புது வருடம் பிறந்து பாடசாலை திறந்த கையோடு மீராமுகைதீனுக்கு இடமாற்றம் வந்தது. சவளக்கடைப் பக்கம் வயல்களுக்கு நடுவே இருந்த ஒரு சின்னப் பாடசாலைக்குச் சாதாரண ஆசிரியராகப் போக வேண்டும். காரணம் என்று ஒரு வரிகூட எழுதியிருக்கவில்லை. பாடசாலைச் சாவி, பதில் அதிபர் என்ற பெயரில் மறுபடியும் றம்லாவின் கைக்கு வந்தது.

றம்லாவுக்கு ஆத்திரம் பொங்கியது. தான் வழக்குப் போட்ட ஆளுக்காகத் தானே ஆத்திரப்படுவது விநோதமாக இருந்தது. அவருடைய வீட்டுக்கு நேரே போனார். மாமி முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

"நேசரட்ணம் சேர்ட்டப் போ தம்பி. ஒனக்கும் நியாயம் இரிக்கி. ஒரு மாசத்துக்குள்ள போட வேணும்."

மீராமுகைதீன் தலையை ஆட்டினார். "நான் எந்த வாயால கேக்கிற தாத்தா? காரணம் இல்லாமக் குடுத்தத வாங்கினன். காரணம் இல்லாம எடுக்கக்குள்ள அநியாயம் எண்டு கத்தினா, கேக்கிறவன் சிரிக்க மாட்டானா?"

"சிரிச்சாச் சிரிக்கட்டும்."

"ஒங்களுக்கு அந்தத் தைரியம் இரிக்கி. எனக்கில்ல."

அவர் மனுப் போடவில்லை. தவணை கடந்து போனது.

அதே நாட்களில்தான் நேசரட்ணம் றம்லாவைக் கூப்பிட்டு அனுப்பினார். இந்த முறை அவரே நின்றுகொண்டிருந்தார்.

"டீச்சர், ஒரு கரைச்சல். நடுவில இருந்த நீதியரசருக்கு அறுபத்தஞ்சு முடிஞ்சு ஓய்வில போயிட்டார். உங்கட தீர்ப்பில கையெழுத்து வைக்காமலே போயிட்டார். இனி வேற ஆக்களோட இருத்தி, முதல்ல இருந்து வாதிக்க வேணும்."

"முதல்ல இருந்தா?"

"ஓம். அவர்ட இடத்துக்கு ஒருத்தர் வர வேணும். ஆர் வாறதெண்டு கொழும்பில ஒரே கதை. மேன்முறையீட்டு நீதிமன்றத்தில மூத்தவர் ஒராள் இருக்கார். எல்லாரும் அவர்தான் எண்டாங்க. இப்ப வேற பேர் அடிபடுது."

அந்தக் கிழமைகளில் றம்லா நடந்த நடைக்கு அளவில்லை. ஊரில் யாருக்கும் தெரியாத, தானும் ஒரு போதும் காணாத மனிதர்களின் பெயர்களைப் பத்திரிகையில் தேடினார். யாரோ ஒருவர், எங்கோ ஒரு அறையில், ஒரு பெயரை யோசித்துக்கொண்டிருக்கிறார். அந்த யோசனையின் நுனியில் தன் வழக்குத் தொங்குகிறது. அதைச் சரியாகச் செய்யுங்கள் என்று சொல்லக் காத்து நிற்க ஒரு விறாந்தைகூட இல்லை.

நியமனம் வந்தது. மூத்தவர் என்று எல்லாரும் சொன்னவர் இல்லை. வாழ்நாள் முழுவதும் சட்டமா அதிபர் திணைக்களத்தில் இருந்து அரசாங்கத்துக்காகவே வாதாடியவர். பிரதம நீதியரசர் புதிதாக ஒழுங்குபடுத்திய மூவரில் அவரும் ஒருவர். செய்தியைச் சொன்னபோது நேசரட்ணத்தின் குரல் இறங்கியிருந்தது.

காலிதீன் அதை எப்படி அறிந்தாரோ, மறுநாளே வீட்டுக்கு வந்தார். பழங்கள் கொண்டு வந்திருந்தார்.

"டீச்சர், நடந்தது நடந்து போச்சி. மீராமுகைதீன் சரிவரல்ல. அமைச்சர் ஒங்களத்தான் அதிபராப் போடச் செல்லிட்டாரு. வாற கெழம கடிதம் வரும். கேஸ வாபஸ் எடுத்திட்டாச் சரி."

"நேர்முகம்?"

"இன்னம் அதத்தான் கேக்கிறீங்களா? நேர்முகம் இல்லாமலே கிடைக்கப் போகுது எண்டுறன்." காலிதீன் சிரித்தார். "புதுசா வந்த நீதியரசர் ஆரெண்டு தெரியும்தானே. இருவது முப்பது வருசம் அரசாங்கத்துக்காகக் கதைச்சவரு. அங்க போய் என்னத்தக் காணப் போறீங்க?"

சரீப் றம்லாவைப் பார்த்தார். றம்லா கொல்லைப் பக்கம் போனார். கிணற்றடியைச் சுற்றி வந்தார். அதிபராக வேண்டும் என்ற ஆசை அவருக்கு இல்லாமல் இல்லை. இருந்தது, நிறையவே இருந்தது. இதோ வீட்டுக்குள் பழத்தோடு வந்து உட்கார்ந்திருக்கிறது. இதை விட்டால், புது நீதியரசர் மனுவைத் தள்ளிவிட்டால், ஓய்வு பெறும் வரை உப அதிபர்தான். மீராமுகைதீன் கழுத்தில் மாலையோடு வியர்த்து நின்றது நினைவுக்கு வந்தது. அப்படி ஒரு நாள் தானும் நிற்பதை எண்ணிப் பார்த்தார். அடுத்த பாராட்டு விழாவுக்குப் பிள்ளைகளை வெயிலில் நிறுத்தச் சொல்லும்போது தான் என்ன சொல்வேன் என்றும் எண்ணினார்.

திரும்பி வந்தார்.

"பழத்தக் கொண்டு போங்க" என்றார். "கேஸ் நடக்கட்டும்."

காலிதீன் போன பிறகு சரீப், "தோத்தா என்ன செய்யிற?" என்று கேட்டார்.

"தோத்தாலும் கேட்டுத் தோப்பம்."

இரண்டாம் முறை கொழும்புக்குப் போனபோது றம்லா முன்பைவிட மெலிந்திருந்தார். புது நீதியரசர் ஓரத்தில் இருந்தார். கறுத்த, குள்ளமான மனிதர். காலை முழுவதும் ஒரு வார்த்தை பேசவில்லை, குனிந்து எழுதிக்கொண்டேயிருந்தார். மற்ற இருவரும் கேட்ட கேள்விகள் றம்லாவுக்குச் சாதகமாகப் படவில்லை. மீராமுகைதீன்தான் இடமாற்றத்தில் போய்விட்டாரே, இனி இந்த வழக்கில் தீர்க்க என்ன இருக்கிறது என்றார் ஒருவர். றம்லாவின் கால் முன்பைப் போல ஆடத் தொடங்கியது.

அரச தரப்புச் சட்டத்தரணி எழுந்தார். இளைஞர். நியமிக்கும் அதிகாரம் இருக்கிறவருக்கு, அதை எப்படிப் பயன்படுத்தினார் என்று காரணம் சொல்லும் கடமை கிடையாது என்றார்.

புது நீதியரசர் பேனையை வைத்தார்.

"நேர்முகத்தை நிறுத்தச் சொன்னது யார்?"

இளைஞர் கோப்பைப் புரட்டினார். அது பற்றித் தனக்கு அறிவுறுத்தல் இல்லை என்றார்.

"இப்போது நீங்கள் நிற்கிற இடத்தில் நின்று, நீங்கள் சொன்ன அதே வசனத்தை நானும் பல தடவை சொல்லியிருக்கிறேன்" என்றார் நீதியரசர். "அந்த நேரங்களில் காரணம் எனக்கும் தெரிந்திருக்கவில்லை. தெரிந்தவர்கள் சொல்லவும் மாட்டார்கள். இன்றைக்கு நான் கேட்கிற இடத்தில் இருக்கிறேன். போய்க் கேட்டு வாருங்கள்."

றம்லாவின் கால் ஆட்டத்தை நிறுத்தியிருந்தது. அதை அவர் கவனிக்கவில்லை.

அடுத்த தவணைக்கும் பதில் வரவில்லை. யார் நிறுத்தினார்கள் என்பதைச் சொல்ல எவரும் முன்வரவில்லை. சில மாதங்கள் கழித்துத் தீர்ப்பு வந்தது. எழுதியவர் அந்தப் புது நீதியரசர். மற்ற இருவரும் உடன்பட்டுக் கையெழுத்திட்டிருந்தார்கள். நேர்முகத்துக்கு அழைத்துவிட்டு அதை நடத்தாமல் வேறொருவரை நியமித்தது சமத்துவத்துக்கு முரணானது, அதிபர் பதவியை முறையாக நேர்முகம் நடத்தி நிரப்ப வேண்டும் என்பது முடிவு.

நேசரட்ணம் வாய் நிறையச் சிரித்தார். றம்லா அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லிவிட்டு வழக்கம்போல ஜன்னலுக்குப் போனார்.

"சேர், அவர் இல்லாம வேற ஒராள அந்த இடத்துக்குப் போட்டிருந்தா?"

"எனக்குத் தெரியாது டீச்சர்."

"வெள்ள முடிக்காரர் இருந்திருந்தா?"

"அதுவும் தெரியாது."

"அப்ப நான் வெண்டது நியாயத்தாலயா, ஆள் வாய்ச்சதாலயா?"

நேசரட்ணம் தேநீரை ஒரு மிடறு குடித்தார். "ரெண்டும் வேணும் எண்டுதான் நான் நினைக்கிறன்" என்றார். "ஆள் வாய்க்கிறத மட்டும் நம்பி ஒரு நாட்டை நடத்தேலாது. அதுக்கொரு முறை வேணும். அது இன்னும் வரல்ல."

நேர்முகம் அம்பாறையில் நடந்தது. ஐந்து பேர் விண்ணப்பித்திருந்தார்கள். அவர்களில் ஒருவர் மீராமுகைதீன். விண்ணப்பிக்கச் சொல்லிச் சவளக்கடைக்கே போய் நின்றவர் றம்லாதான். மூன்று பேர் மேசைக்கு அப்பால் இருந்து கேள்வி கேட்டார்கள். விலகிப் போகிற பிள்ளைகளை எப்படித் தக்கவைப்பீர்கள் என்றார்கள், ஆசிரியர் பற்றாக்குறைக்கு என்ன செய்வீர்கள் என்றார்கள். றம்லா நேரம் போனது தெரியாமல் பதில் சொன்னார்.

திரும்பும் பஸ்ஸில் அவரும் மீராமுகைதீனும் முன்பின் ஆசனங்களில் இருந்து பரீட்சை எழுதிவிட்டு வந்த பிள்ளைகள் போல விடைகளை ஒப்பிட்டார்கள். ஆசிரியர் பற்றாக்குறைக் கேள்விக்கு மீராமுகைதீன் சொன்ன பதில் தன்னுடையதைவிட நல்லது என்று றம்லாவுக்குப் பட்டது. அதை வாய்விட்டுச் சொல்லவும் செய்தார். சாவடியில் இறங்கி நடந்தபோதும் அந்தக் கதை தொடர்ந்தது.

பெறுபேறு வந்தது. றம்லா முதலாவது, மீராமுகைதீன் இரண்டாவது. பதவியேற்ற கிழமை மீராமுகைதீன் வீட்டுக்கு வந்தார். இந்த முறை மாமியும் கூட வந்திருந்தார். கொண்டு வந்த தொதல் இனிப்பில் ஒரு துண்டைச் சரீபின் தட்டில் எடுத்து வைத்தார்.

"தாத்தா, உப அதிபர் எடம் இப்ப காலிதானே" என்றார் மீராமுகைதீன் தயங்கித் தயங்கி. "நீங்க ஒரு வார்த்த செல்லி என்னக் கூப்பிட்டு எடுக்கேலாதா?"

றம்லா சிரித்துவிட்டார்.

"அதுக்கும் விண்ணப்பம் கேப்பாங்க தம்பி. போடு."